வைக்கோல் சுற்றிய வாழை

யமகதா
1963 டிசம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் பனி. நீங்கள் ரயிலேறிய மறுவாரமே கொட்டத் தொடங்கி வேலியை மறைத்துவிட்டது. டோக்கியோவில் நீங்கள் போடுகிற சாலை வீட்டுக் கூரைகளுக்கு மேலே போகும் என்று செய்தித்தாளில் படித்தேன். உண்மையா? அதன் மேல் நீங்கள் நின்று பார்த்தீர்களா?

இந்த வருடம் எங்களுக்குக் குளிராது. மத்சுனோ அத்தை, நாற்றங்காலுக்கு மேல் விரிக்கிற பிளாஸ்டிக் தாளில் ஒரு பெரிய சுருளைக் கொண்டுவந்தாள். தன் வீட்டுக்கு ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கட்டிய நாணல் தட்டிகளுக்கு மேலேயே எல்லா ஜன்னல்களையும் மூடி, சட்டம் வைத்து ஆணி அடித்துவிட்டாள். போன வருடம் வரை அம்மா தைக்கிற அறையில் விளக்குச் சுடர் சாய்ந்தேதான் நிற்கும். இப்போது நேராக நிற்கிறது. கணப்பு மேசைக்கு அடியில் கரி வில்லையைப் பற்றவைத்து மெத்தையை இழுத்து மூடினால், சாயங்காலம் வரை சூடு இருக்கிறது. அம்மா காலை முதல் அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்து கிமோனோ தைக்கிறாள்.

நீங்கள் வைக்கோல் சுற்றிவிட்டுப் போன வாழையும் நன்றாக இருக்கிறது. மிஞ்சிய பிளாஸ்டிக்கை நான் அதற்கும் சுற்றினேன். அடி முதல் உச்சி வரை, இடைவெளி இல்லாமல். இது என் சொந்த யோசனை. சென்ற குளிர்காலத்தில் தண்டின் மேல்பாதி கருகிப்போனதே, இந்த முறை முழுத் தண்டும் பிழைத்தால் கோடையில் பூ விடும் என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறது.

அத்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். நான் வாழைக்குப் பிளாஸ்டிக் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: “கோயில்ல இருந்தா புத்தர் பாத்துப்பாரு. வீட்டுல யாரு பாத்துக்கறது? அந்த எலை காத்துல கிழியற சத்தம் கேட்டிருக்கியா நீ? சீக்குக்காரி முனகற மாதிரியே இருக்கும். வீட்டுல வாழை வெச்சவன் வீட்டுல சீக்குப் படுக்கைய மடிச்சு வெக்க முடியாது.” அதோடு, இடித்துத் தள்ளிய யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து நீங்கள் அதை எடுத்து வந்ததையும் ஞாபகப்படுத்தினாள். நான் குனிந்து சுற்றிக்கொண்டே இருந்தேன். மரியாதைக்காக.

அம்மாவுக்குக் கொஞ்சம் தலைவலி. எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்
கினுயே

டோக்கியோ
டிசம்பர் 15

கினுயே,

கடிதம் வந்தது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பகலெல்லாம் கம்பி வளைத்த கை இது. சாலை உண்மைதான். மேலே நின்றால் ஊர் முழுவதும் தெரிகிறது, ஆனால் நின்று பார்க்க மேஸ்திரி விடுவதில்லை.

பிளாஸ்டிக் நல்ல யோசனை. மத்சுனோ அக்காவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். வாழைக்குச் சுற்றியதும் நல்லது. எனக்குத் தோன்றவில்லை பார்.

அக்கா பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. எதிர்த்தும் பேசாதே. எங்கள் அம்மா போன பிறகு நான் அவள் முதுகில் வளர்ந்தவன். அவளிடம் நான் வாழையைப் பற்றி வாய் திறந்ததில்லை. வைத்தேன், அவ்வளவுதான். ஏன் வைத்தேன் என்று நீயும் கேட்டதில்லை. இடித்த வீட்டை லாரியில் அள்ளிப்போடும்போது அது மட்டும் பச்சையாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

அம்மாவின் தலைவலி எப்படிப்பட்டது? அவள் வாய் விட்டுச் சொன்னாள் என்றால் அது கொஞ்சம் இல்லை. மறைக்காமல் எழுது. அவளிடம் காட்டாமல் தபாலில் போடு.

அப்பா

யமகதா
1964 ஜனவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்தைத் தனி அட்டையில் அனுப்பியிருந்தேன். அதில் எல்லோரும் நலம் என்று எழுதினேன். வாழ்த்து அட்டையில் வேறு மாதிரி எழுத முடியாது.

அம்மா நலமாக இல்லை. தலைவலி தினமும் வருகிறது. காலையில் எழும்போது இருப்பதில்லை. தைக்க உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தொடங்கி, நான் பள்ளியிலிருந்து வரும்போது மெத்தையில் முகத்தைக் கவிழ்த்துக் கிடக்கிறாள். “தலைக்குள்ள யாரோ மரம் அறுக்கறாங்க” என்கிறாள். வாந்தி எடுக்கிறாள். புத்தாண்டன்று அரிசி மாவு உருண்டை போட்ட சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியவள், கரண்டியோடு அப்படியே சரிந்துவிட்டாள். சிறிது நேரம் என் பெயர் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மன்னியுங்கள்.

நானும் அத்தையும் அவளைச் சறுக்குவண்டியில் வைத்து டவுன் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனோம். போகிற வழியிலேயே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பாலத்தைத் தாண்டியதும், “மத்சுனோ அண்ணி, மாடு மாதிரி மூச்சு விடறீங்க, எறங்கி நானும் இழுக்கட்டுமா?” என்று கேட்டாள். டவுனில் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள். மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு, ஈரல் சாப்பிடுங்கள் என்று ஒரு புட்டி மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து கணப்பு மேசைக்குள் காலை விட்டாள். விளக்கு ஏற்றுவதற்குள் மறுபடியும் மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அத்தை என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “பாத்தியா? வாசலைத் தாண்டுனா பேசறா, சிரிக்கறா. திரும்பி வந்தா படுக்கை. அப்ப டவுன்ல இல்லாதது எது இந்த வீட்டுல இருக்கு? நீதான் படிக்கறவளாச்சே, சொல்லு பாப்போம்.”

அப்பா, நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தர்க்கம் இருந்தது. எங்கள் வகுப்பில் சோதனை செய்வதைப் போலத்தான் அவளும் யோசித்திருக்கிறாள். அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் வெளியேதான் வாழை இருக்கிறது. எந்நேரமும் மெத்தைக்கு அடியிலேயே கிடக்கிற பூனைகூட இப்போது உள்ளே போக மறுக்கிறது. பிடித்து விட்டால் கத்திக்கொண்டு வெளியே ஓடுகிறது. அதற்குத் தெரிகிறது என்கிறாள் அத்தை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அம்மாவோடு உட்கார்ந்து படித்தேன். எனக்கும் தலை வலித்தது. “உன்னையும் பிடிச்சாச்சு” என்றாள்.

நான் நம்பவில்லை. ஒரு செடி மனிதரை நோயாளியாக்காது. ஆனால் வெட்டாமல் விட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் நம்பாததால் ஆனது என்றுதானே ஆகும்? அதைத் தாங்க என்னிடம் எந்தப் புத்தகமும் இல்லை. வாழை உங்களுடையது. நீங்கள் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

கினுயே

டோக்கியோ
ஜனவரி 14

கினுயே,

வெட்டிவிடு.

நான் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் வெட்டு. உன் பெயர் அவளுக்கு நினைவு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஒரு செடி எதற்கு?

மேஸ்திரியிடம் ஊருக்குப் போகக் கேட்டேன். இப்போது போனால் அடுத்த குளிர்காலம் வேலையாட்கள் பட்டியலில் என் பெயர் இருக்காது என்றார். இன்னும் ஒரு வரி இப்படி எழுதினாய் என்றால் போய்த்தான் தீருவேன். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுது.

அப்பா

யமகதா
ஜனவரி 23

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா உட்கார்ந்திருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சி குடித்தாள், என்னைப் பெயர் சொல்லித் திட்டினாள். மீதியை இனி நிதானமாகப் படியுங்கள்.

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கு அன்று மிக மோசம். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு பனியைத் தோண்டி வாழையிடம் போனேன். அழுதுகொண்டேதான் போனேன், ஆனால் நீங்கள் சொன்னதைச் செய்யத்தான் போனேன். வெட்ட வேண்டுமென்றால் முதலில் அவிழ்க்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கிழித்தேன்.

உள்ளேயிருந்து ஆவி வந்தது. அப்பா, சுற்றிலும் பனி, மூச்சு விட்டால் உறைகிற குளிர், உள்ளே வைக்கோல் வெதுவெதுப்பாக, வேகவைத்ததைப் போல ஈரமாக இருந்தது. வெள்ளைப் பூஞ்சை. அழுகின வாடை. தண்டை அமுக்கினேன், விரல் உள்ளே போயிற்று. சென்ற வருடம் வைக்கோல் மட்டும் இருந்தபோது குளிரில் பாதி கருகியது, ஆனால் அழுகவில்லை. இந்த முறை குளிர் அதை ஒன்றும் செய்யவில்லை. நான்தான், காற்று புகாமல் சுற்றி, அதன் மூச்சிலேயே அதை அவித்திருக்கிறேன்.

கை முழுவதும் சேறு. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அம்மாவின் ஜன்னல். அதே பிளாஸ்டிக். அதன் உள்பக்கத்திலும் அதே போல நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு வழிந்தன. உள்ளே அம்மா, அவளோடு காலை முதல் எரிகிற கரி வில்லை. அந்த அறையில் டவுனில் இல்லாதது எது என்று அத்தை கேட்டாளே, அதற்கு விடை என் முகத்துக்கு நேரே ஆணி அடித்து வைத்திருந்தது.

எனக்கு எப்படி அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. சட்டத்தை அரிவாளால் நெம்பிப் பிளாஸ்டிக்கைப் பிய்த்தேன். நாணல் தட்டி ஒன்றும் கூடவே வந்துவிட்டது. ஜன்னலைத் தள்ளித் திறந்து, உள்ளே குதித்து, கரிச் சட்டியைத் தூக்கிப் பனியில் போட்டேன். அம்மாவை ஜன்னலருகே இழுத்து வந்து தலையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் முடியில் பனி விழுந்தது. கொஞ்ச நேரத்தில், “என்னடி பண்றே, குளிருது” என்றாள். இந்த உலகத்தில் இதைவிட நல்ல வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தாள். வாழை அவிழ்ந்து நிற்பதையும், பக்கத்தில் அரிவாள் கிடப்பதையும் பார்த்தாள். உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருப்பது அவளுக்குத் தெரியும், தபால்காரரே சொல்லியிருக்கிறார். அரிவாளை எடுத்தாள். இரண்டு வீச்சு. தரை மட்டத்துக்கு வெட்டி, நான் பனியில் தோண்டிய பள்ளத்திலேயே தள்ளிவிட்டு, பனியை மூடி, கை கூப்பிக் கும்பிட்டாள்.

புரிகிறதா அப்பா? ஜன்னல் திறந்ததும் வாழை விழுந்ததும் ஒரே நாள், ஒரே நேரம். இப்போது ஊர் முழுவதும் அத்தை சொல்கிறாள்: வெட்டினேன், எழுந்துவிட்டாள். மருத்துவரிடம்கூடச் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

பள்ளி நூலகத்தில் தேடிப் பார்த்தேன். காற்றுப் போதாத இடத்தில் கரி எரிந்தால் ஒரு நச்சு வாயு வரும், அதற்கு நிறமும் மணமும் கிடையாது என்று எழுதியிருக்கிறது. தலைவலி, வாந்தி, மறதி, எல்லாம் வரிசையாக இருக்கிறது. அத்தையிடம் படித்துக் காட்டினேன். “மணமும் கெடையாது, கண்ணுக்கும் தெரியாது, ஆனா இருக்குது. நான் சொன்னதும் அதேதான்” என்றாள்.

கினுயே

டோக்கியோ
பிப்ரவரி 1

கினுயே,

உன் கடிதத்தை இங்கே என்னோடு தங்கியிருக்கிற மூன்று பேர் படித்தார்கள். நான் கொடுத்தேன். கொட்டகையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கிறோம் இப்போது, திட்டிக்கொண்டே.

அக்காவும் யாரையோ கொண்டு எழுதியிருக்கிறாள். நீயும் அவளும் எழுதியிருப்பது ஒரே நாளைப் பற்றி. படித்தால் இரண்டு வேறு நாட்களைப் போல இருக்கிறது. நான் உன் நாளைத்தான் நம்புகிறேன்.

ஆனால் அவளுக்கு என்னவென்று எழுதுவது? நீ ஆசையாகக் கொண்டுவந்து அடித்த தாள்தான் என் மனைவியைக் கொன்றிருக்கும் என்றா? தனக்கு ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளாமல் கொடுத்தவளிடமா? மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நீ அங்கே இருக்கிறாய். உனக்கு வார்த்தை வரும். மெதுவாக நீயே சொல்லிப் பார்.

அம்மா எப்படி இருக்கிறாள்? குளிர் அதிகமா?

அப்பா

யமகதா
பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

இந்த முறை பருவத்திலிருந்து தொடங்கவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம்.

எனக்கு வார்த்தை வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வார்த்தை வந்து என்ன பயன்? பதின்மூன்று வயதுப் பெண் சொல்வதை யார் கேட்பார்கள்? நீங்கள் அத்தைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நேற்று வரை அம்மா எவ்வளவு ஆபத்தில் இருந்தாள் தெரியுமா?

குளிர் அதிகமா என்று கேட்டீர்களே. தேநீர் கோப்பையிலேயே உறைகிறது. அம்மா மேலங்கி போட்டுக்கொண்டு தைக்கிறாள், விரல்கள் வெடித்துவிட்டன. அத்தையால் அதைப் பார்க்க முடியவில்லை. வாழைதான் போய்விட்டதே, இனி என்ன பயம் என்று திங்கட்கிழமை காலையில் சுத்தியலும் ஆணியும் புதுப் பிளாஸ்டிக் தாளுமாக வந்து நின்றாள். நான் ஜன்னலுக்குக் குறுக்கே நின்றேன். “தள்ளு. உங்கம்மாவக் குளிர்ல கொல்லப் பாக்கறியா?” என்றாள். அப்பா, அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

பள்ளிக்குப் போகவில்லை அன்று. மறுநாளும் போகவில்லை. நான் போன பிறகு அடித்துவிடுவாளே. குளிர்காலம் போகிற வரை காவல் இருக்க முடியுமா என்ன? அத்தையின் கணக்கைத் தகர்க்க ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. அது என்னிடம் மட்டும் இருந்தது.

வாழை சாகவில்லை.

சென்ற வாரம் பள்ளத்தில் பனியை விலக்கிப் பார்த்தேன். வெட்டிய அடித்தண்டு கருத்துப்போயிருந்தது. கீழே மண் உறையவில்லை. விரலால் தோண்டினேன். கிழங்கு கெட்டியாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு முளை, உரித்த பூண்டுப் பல்லைப் போல வெள்ளையாக. இந்த வகையைத் தரையோடு வெட்டினாலும் வேர் சாகாது, மே மாதம் மறுபடி வரும் என்று புத்தகத்திலும் இருக்கிறது. அப்படியென்றால் அம்மா எழுந்து உட்கார்ந்தது, ஜன்னலுக்கு வெளியே அது உயிரோடு இருக்கும்போதுதான். இதைவிட நல்ல நிரூபணம் கிடையாது. ஆனால் அத்தையிடம் சொன்னால் நிரூபணத்தைக் கேட்க மாட்டாள். வெந்நீரையும் உப்பையும் கொண்டுவந்து வேரில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு, நிம்மதியாக ஜன்னலையும் மூடுவாள்.

அதனால் அம்மாவிடம் சொன்னேன். பயப்படுவாளோ என்று எனக்குப் பயம். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு கரி வில்லையையும், ஜன்னலையும், என்னையும் பார்த்தாள்.

“அப்ப நான் கண்ணு முழிச்சப்ப அது உசுரோடதான் இருந்துது?”

ஆமாம் என்றேன்.

“இத வேற யாருகிட்டச் சொன்னே?”

யாரிடமும் இல்லை என்றேன். “சொல்லாதே” என்றாள். “அண்ணி வரட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் நான் மறுபடி படுத்துக்குவேன்.”

நேற்று அத்தை வந்தாள். அம்மா எழுந்து போய் அவள் கையிலிருந்த சுத்தியலை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேநீர் ஊற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அண்ணி, மரத்த வெட்டிட்டீங்க, உங்களுக்குப் புண்ணியம். ஆனா அது நின்ன நாள்ல உள்ள வந்தது வந்ததுதானே? இன்னும் இங்கதான் சுத்திக்கிட்டிருக்கு. ஜன்னல மூடறப்பல்லாம் என் மேல வந்து உக்காருது. காத்து அடிச்சாத்தான் போகும் போலிருக்கு.”

அத்தையின் கையில் கோப்பை அப்படியே நின்றது. கூரையைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். “நானே மூடி உள்ளார வெச்சுட்டேனே” என்றாள். எழுந்து போய் வடக்கு ஜன்னல், மேற்கு ஜன்னல், சமையலறை, எல்லாவற்றிலும் மிஞ்சியிருந்த பிளாஸ்டிக்கைத் தன் கையாலேயே கிழித்தாள். ஒரு துண்டு விடவில்லை. வீட்டுக்குள் காற்று குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. இனி அவள் உயிர் இருக்கும்வரை இந்த வீட்டில் ஒரு ஜன்னலையும் மூட விடமாட்டாள். இன்று காலை வந்தவுடன் முதல் வேலையாக எல்லாம் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். தன் பருத்திப் போர்வையையும் அம்மாவுக்குக் கொண்டுவந்து போட்டாள்.

நான் பள்ளிக்குப் போய்விட்டேன். கணக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. புத்தகத்தைக் காட்டி நான் செய்ய முடியாததை அம்மா ஒரு பொய்யால் செய்துவிட்டாள். அது சரியா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது அவள் தலை நிமிர்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அதையும் எழுதியாக வேண்டும்.

அப்பா, இனி ஒரு கவலைதான். அத்தை தினமும் அந்தப் பள்ளத்தருகே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். பனி அந்த இடத்தில் இறங்கிக்கொண்டே வருகிறது. முளை வெளியே தெரிவதற்குள் நீங்கள் வந்துவிட வேண்டும். மே மாதத்தில் அத்தையிடம் என்ன சொல்வது என்று இந்த முறை நீங்கள்தான் யோசிக்க வேண்டும், நான் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன், நீயும் அத்தை சொல்வதை நம்பவில்லைதானே என்று. நூலைப் பல்லால் கடித்தாள்.

“நம்பறேனோ இல்லையோ, அத விடு. உங்கப்பா வந்ததும் அதப் பேத்து எடுத்துக் கெணத்தடிப் பக்கமா வெக்கச் சொல்லு. என் ஜன்னலுக்கு வெளிய வேணாம்.”

அப்படியே எழுதியிருக்கிறேன்.

கினுயே